வாசல் கேட்டில் ஒரு பி.காம்.

அன்புள்ள ஜோயல்,

நம் வீட்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், கறுப்பு கிரானைட் கல்லில், என் பெயருக்குப் பின்னால் பி.காம். என்று தங்க எழுத்தில் வெட்டியிருக்கிறதே, போன மாதம் வரைக்கும் அது சுத்தப் பொய். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதெல்லாம் அந்தக் கல்லில் சாய்ந்துதான் ஷூ கழற்றுவாய். உன் அப்பா வணிகவியல் பட்டதாரி என்று நம்பிக்கொண்டே கழற்றியிருப்பாய். சிட்லபாக்கத்தில் இந்த வீட்டைக் கட்டி முடித்தபோது, கல் வெட்டுகிறவர் பேர் மட்டும் போதுமா சார் என்று கேட்டார். அவருக்கு எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி, கேட்கத்தான் செய்வார். நான் பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். தங்கராஜ் அங்கிளின் கல்லில் எம்.ஏ., பி.எட்., டி.டி.எட். என்று கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கொண்டே இருந்தது. (அவருடைய எம்.ஏ. பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் நான் இப்போது யாரையும் கேள்வி கேட்கிற நிலைமையில் இல்லை.) “பி.காம். போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டேன்.

நடந்தது இதுதான். கல்லூரியில் மூன்றாம் வருஷ முடிவு வந்தபோது எனக்கு இரண்டு பேப்பர் நின்றுபோயிருந்தது. ஒன்று பிசினஸ் மேத்ஸ், இன்னொன்று அக்கவுண்ட்ஸ். பி.காம்.மில் இந்த இரண்டையும் விட்டால் மிச்சம் இருப்பது கேன்டீன்தான் என்று என் வாத்தியாரே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் உன் தாத்தா என்னப்பா ஆச்சு என்று கேட்டார். “முடிச்சிட்டேன்பா” என்றேன். காலேஜுக்குப் போவதை முடித்துவிட்டேன் என்ற அர்த்தத்தில் அது உண்மை. அப்புறம் இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் கணக்கு என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்குள் பம்மலில் தோல் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை கிடைத்துவிட்டது. பிளஸ் டூ போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். என் கல்யாணம் வந்தது, அட்டையில் உன் தாத்தா பெருமையாக பி.காம். போட்டார். அச்சில் வந்துவிட்ட பிறகு அது எனக்கே உண்மை மாதிரிதான் தெரிந்தது. அட்டையிலிருந்து கல்லுக்குப் போயிற்று. கல்லிலிருந்து சபைக்குப் போயிற்று. சர்ச்சில் பொருளாளர் தேர்தல் வரும் ஒவ்வொரு வருஷமும் எனக்கு முதுகுவலி வந்ததை நீ கவனித்திருப்பாய். டாக்டரிடம் எல்லாம் காட்டினோமே, அது பி.காம். வலி.

இப்படியே கண்ணை மூடியிருப்பேன், நீ மட்டும் வேறு வீட்டில் பெண் பார்த்திருந்தால். ஷைனி தங்கமான பெண், அதில் குறை இல்லை. ஆனால் அவளுடைய அப்பா, ஓய்வு பெற்ற காமர்ஸ் பேராசிரியர் என்று தெரிந்தபோது எனக்கு வந்த வியர்வை, அவர்கள் வீடு இருக்கிற கோவிலம்பாக்கத்துக்குப் போகும் பஸ் நெரிசலால் வந்தது இல்லை. நிச்சயதார்த்தத்தன்று அவர் என் தோளில் கை போட்டு, நீங்களும் நம்ம ஆளுதானே சம்பந்தி, உங்க காலத்துல டிப்ரிசியேஷனுக்கு எந்த மெதட் நடத்தினாங்க என்று கேட்டார். நான் டீ ஆறிடும் சார் என்றேன். அன்று மாலை முழுவதும் அவர் என்னை நோக்கி வருவதைப் பார்த்தாலே நான் பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டேன். மூன்று தடவை சாப்பிட்டேன். உன் மாமனார் வீட்டில் நான் நன்றாகச் சாப்பிடுகிறவன் என்று ஒரு பேர் இருக்கிறதே, அதன் கதை இதுதான்.

அடுத்த வாரமே போன். கல்யாணத்துக்கு எட்டு மாதம் இருந்தது, ஆனால் வாழ்நாள் முழுக்க டைம்டேபிள் போட்டுப் பழகிய மனுஷன்.

“கார்டு மாடல் ரெடி சம்பந்தி. எனக்கு எம்.காம்., எம்.ஃபில். போட்டிருக்கேன். உங்களுக்கு பி.காம். தானே? வேற ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க, சேத்துக்கலாம்.”

சேர்க்க ஒன்றும் இல்லை, எடுக்கத்தான் ஒன்று இருந்தது. யோசிச்சுச் சொல்றேன் சார் என்று வைத்துவிட்டேன். தன் பட்டம் என்ன என்பதை யோசித்துச் சொல்கிற ஆளை அவர் அன்றுதான் முதல் தடவையாகச் சந்தித்திருப்பார். பேசாமல் சரி என்று சொல்லியிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். ஆனால் என் கல்யாண அட்டையில் அந்தப் பொய் இருந்தது, நம் வாசலில் இருந்தது. உன் அட்டையில், உன் பெயருக்கு மேலே, அது வந்து உட்காரக் கூடாது என்று எங்கிருந்தோ ஒரு ரோஷம் வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் வருகிற ரோஷம் கொஞ்சம் ஆபத்தானது.

அந்த நேரம் பார்த்து பேப்பரில் ஒரு செய்தி. எத்தனை வருஷத்துப் பழைய அரியர் இருந்தாலும் ஒரே ஒரு முறை எழுதிக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகம் கதவைத் திறந்துவிட்டிருந்தது. விண்ணப்பத்தை அன்றைக்கே போட்டேன். பழைய புத்தகத்தைத் திறந்தால், முப்பது வருஷத்தில் நான் மாறிவிட்டேன், அது மாறவே இல்லை. தாம்பரம் மேற்கில் ஒரு டியூஷன் சென்டருக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் பையன் எந்த இயர் அங்கிள் என்று கேட்டது. பையன் வேலைக்குப் போயிட்டாம்மா என்று உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். படியிறங்கும்போதுதான் உறைத்தது. புனேயில், ஒரு பெரிய கம்பெனியில், இதையே சோறாகத் தின்கிற ஒருவனை நான் பெற்று வைத்திருக்கிறேன். அவனிடம் கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் பிரியா பிறந்தாள்.

ஆமாம் ஜோயல். எங்கள் ஆபீஸ் சேகர் சாரின் மகள், பி.காம். முதல் வருஷம், பிசினஸ் மேத்ஸ் என்றால் அழுகிற பெண், நீ ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த நேரத்துக்கு போன் பண்ணி என் மூலமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தாயே, அந்தப் பிரியா நான்தான். முதல் நாளே நீ கேட்டாய், “நீங்க பி.காம். தானேப்பா, இந்த அக்கவுண்ட்ஸை நீங்களே சொல்லித் தரலாமே?” டச் விட்டுப்போச்சுடா என்றேன். இருந்தால்தானே விட்டுப்போக. பிரியாவின் நோட்டை நான் போட்டோ எடுத்து அனுப்பும்போது, அந்தப் பொண்ணு கையெழுத்து ஏன்பா கவர்ன்மெண்ட் ஆபீஸ் மாதிரி இருக்கு என்றாய். மறுநாளிலிருந்து ஒவ்வொரு பக்க ஓரத்திலும் ஒரு பூ வரைந்தேன். முப்பது வருஷமாக ஸ்டோர்ஸ் லெட்ஜர் எழுதிய கை, ஜோயல், பூ வரைந்தது.

ஆனால் நீ சொல்லிக் கொடுத்தாயே, அடடா. டெரிவேட்டிவ் என்ற சொல் வந்தாலே நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். நீ ஒரு ஷேர் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினாய். பம்மல்லருந்து பல்லாவரம் போற ஷேர் ஆட்டோ, உள்ள அஞ்சு பேர் இருக்காங்க, டிரைவர் இன்னும் ஒரே ஒரு ஆளுக்காக நிக்கிறான்னு வெச்சுக்கச் சொல்லுங்க என்றாய். அந்த ஒரு ஆளால் வருகிற காசு கூடுதல் வரவு, புத்தகத்தில் அதற்குப் பேர் மார்ஜினல். அந்த ஆளுக்காகக் காத்திருக்கிற டீசல், உள்ளே இருக்கிறவர்கள் திட்டிவிட்டு இறங்கிப் போவது, அது கூடுதல் செலவு. வரவு செலவை விட அதிகமாக இருக்கிற வரைக்கும் நிற்கலாம். இரண்டும் சமமாகிற இடத்தில் கியரைப் போட வேண்டும், அதுதான் அதிக லாபம். கால்குலஸ் கேட்பதெல்லாம் இன்னும் ஒரே ஒன்று சேர்த்தால் என்ன மாறும் என்பதுதான். வாத்தியார் மூன்று வருஷம் போர்டில் எழுதியும் ஏறாதது, மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பிக்கு அடியில் நின்றபடி ஏறிவிட்டது. அப்புறம் நான் ஷேர் ஆட்டோவில் ஆறாவது ஆளாக ஏறும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. நான் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்குகிற மார்ஜினல் பயணி.

உச்சமா பள்ளமா என்று கண்டுபிடிக்கிறதையும் நீதான் சொன்னாய். டெரிவேட்டிவை இன்னொரு தடவை எடுக்கணும், மைனஸ் வந்தா மலை உச்சி, பிளஸ் வந்தா பள்ளம். அக்கவுண்ட்ஸுக்கு நீ சொன்னது எனக்கு இன்னும் பிடித்திருந்தது. ஸ்டோர்ஸுக்குள்ள வர்ற சரக்கு, வெளிய போற சரக்கு, ரெண்டையும் எங்கப்பா எப்படி எழுதுறாருன்னு பாக்கச் சொல்லுங்க, அதுவே அக்கவுண்ட்ஸ் என்றாய். நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது கொஞ்சம் சிரிக்காமல் படி. ஒரு ஞாயிறு பிரியா ஒரே கணக்கை நான்காவது தடவையாகத் தப்பாகப் போட்டாள். நான் கூச்சத்தோடு, அது கொஞ்சம் மக்குப் பொண்ணு, நீ விட்டுடு என்றேன். நீ விடவில்லை. “பயப்பட வேணாம்னு சொல்லுங்கப்பா. முதல் தடவை யாருக்குமே வராது. வீட்ல யாரும் சொல்லித் தர மாட்டாங்களா அதுக்கு?” அவங்கப்பாவுக்குக் கணக்கு வராதுடா, ஆனா ஒத்துக்க மாட்டாரு, கத்துவாரு என்றேன். அப்புறம், “பாவம்ப்பா அந்தப் பொண்ணு” என்றாய்.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது கணக்கு நோட்டோடு என்னிடம் வந்தாய். எனக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல நான்கு வினாடி ஆகியிருக்கும். நான் அதற்குப் பதில் இதுகூடத் தெரியலையா என்று கத்தி, நோட்டைத் தூக்கி சோபாவில் எறிந்து, மறுநாளே உன்னை ஏரிக்கு அந்தப் பக்கம் டியூஷனில் சேர்த்தேன். நான்கு வருஷம் நீ மழையிலும் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனாய். அதற்கப்புறம் நீ என்னிடம் ஒரு நோட்டையும் கொண்டுவந்ததில்லை. நான் உன் கணக்கு வாத்தியாரை ஊர் முழுக்கப் புகழ்ந்தேன். கத்தியதற்கு அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். நீ பிரியாவிடம் காட்டிய பொறுமையில் பத்தில் ஒரு பங்கு நான் உன்னிடம் காட்டியிருந்தால், எனக்கு பிரியா தேவைப்பட்டிருக்க மாட்டாள்.

சரி, சிரிக்கலாம். ஏனென்றால் அடுத்து உன் அம்மா வருகிறாள். ஞாயிறு தவறாமல் புருஷன் மொட்டை மாடிக்குப் போய், பிரியா அழுதா, பிரியாவுக்குப் புரிஞ்சிடுச்சு, பிரியா ரொம்ப முன்னேறிட்டா என்று தாழ்ந்த குரலில் பேசினால் எந்த மனைவி சும்மா இருப்பாள்? மார்க்கெட்டில் சேகர் சாரின் மனைவியைப் பார்த்திருக்கிறாள். உங்க பொண்ணு எப்படிப் படிக்கிறா என்று விசாரித்திருக்கிறாள். அந்தம்மா விழித்திருக்கிறது. நான் ஐந்து மாதம் யோசித்துப் பார்க்காத ஒரு விஷயம், சேகருக்கு இரண்டும் பையன்கள். உன் அம்மா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க, ஹாலில் நின்று கேட்டாள்.

“யாருங்க அந்தப் பொண்ணு?”

எந்த அவமானம் சின்னது என்று பார்த்தேன். சட்டைப் பையிலிருந்த ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன்.

“நான்தான்.”

அவள் அதை முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், என் போட்டோவைப் பார்த்தாள். “எங்கப்பாகிட்ட பி.காம்.னு சொல்லித்தானே என்னைக் கேட்டீங்க?” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சு இல்லை, டிபன் மட்டும் மேஜைக்கு வந்தது. மூன்றாம் நாள் காலையில் என் அக்கவுண்ட்ஸ் புத்தகத்துக்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தாள். நாலாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள், அவளுக்குப் புத்தகம் கிழிந்திருந்தால் பிடிக்காது.

“போர்டை உடைங்கன்னு சொல்ல மாட்டேன். அதை நிஜமாக்கிட்டு வாங்க. இல்லேன்னா சம்பந்திக்கு நானே போன் போட்டு பி.காம்.மை எடுக்கச் சொல்லுவேன்.”

சொன்னால் செய்வாள். உனக்குத் தெரியும். அன்றிலிருந்து டிவி ரிமோட் அவள் கைக்குப் போயிற்று. நான் டிரையல் பேலன்ஸ் போட்டு முடித்தால்தான் காபி. அவளுக்கு அக்கவுண்ட்ஸ் தெரியாது, ஆனால் கூட்டல் தெரியும், இரண்டு பக்கமும் சமமாக வரவில்லை என்றால் எதிரில் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பாள்.

பரீட்சை நாள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, மடியில் பிளாஸ்டிக் பவுச்சோடு உட்கார்ந்து போனேன். கல்லூரி வாசலில் வாட்ச்மேன் மடக்கினார். “பேரன்ட்ஸ்லாம் அந்தாண்ட மரத்தாண்ட நில்லு சார். உள்ள வுட மாட்டாங்கோ.” ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார். “நீ எய்துறியா? போ நைனா, நல்லா எய்து” என்று கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார். ஹால் முழுக்க வழுக்கையும் நரையும் மூக்குக் கண்ணாடியும். முன் பெஞ்சில் ஒரு போலீஸ்காரர், யூனிஃபார்ம் பேன்ட்டோடு வந்திருந்தார். மேற்பார்வைக்கு வந்த பையன் உன்னை விடச் சின்னவன், யாரையும் சார் என்பதா தம்பி என்பதா என்று தெரியாமல் அங்கிள் பேப்பரைக் காட்டாதீங்க அங்கிள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அக்கவுண்ட்ஸ் முதல் நாளே முடிந்துபோயிற்று, இரண்டு பக்கமும் பைசா பிசகாமல் சமமாக வந்தது. மறுநாள் கணக்கு. கடைசியில் பத்து மதிப்பெண் கேள்வி, ஒரு நாற்காலி கம்பெனி, எத்தனை நாற்காலி செய்தால் அதிக லாபம். ஜோயல், நேராகப் பேனாவைத் திறந்தேன். ஷேர் ஆட்டோவை மனசில் நிறுத்தினேன். வரவு எழுதினேன், செலவைக் கழித்தேன், டெரிவேட்டிவ் எடுத்தேன், பூஜ்யத்துக்குச் சமன் செய்தேன். விடை கொஞ்சம் முரண்டு பிடித்தது, மைனஸ் இருபத்து நாலு என்று வந்தது. உலகத்தில் எந்தக் கம்பெனியும் மைனஸ் இருபத்து நாலு நாற்காலி செய்யாது. முப்பது வருஷ ஸ்டோர்ஸ் அனுபவம் பேசியது. மைனஸை எடுத்துவிட்டேன். அடுத்து நீ சொன்னபடி இரண்டாவது டெரிவேட்டிவ், மைனஸ் வர வேண்டிய இடத்தில் பிளஸ் நாலு வந்தது. மேலே மிச்சமான மைனஸ் என் கையில்தானே இருந்தது, அதைக் கொண்டுவந்து இங்கே வைத்தேன். ஒரு ரேக்கில் அதிகமாக இருப்பதை இல்லாத ரேக்குக்கு மாற்றுவது எங்களுக்கு அன்றாட வேலை. இருபத்து நாலு நாற்காலி, அதிக லாபம் என்று எழுதி, சுற்றிப் பெட்டி கட்டி, ஓரத்தில் பழக்கதோஷத்தில் ஒரு பூவும் வரைந்துவிட்டு, முதல் ஆளாக எழுந்து வந்தேன்.

முடிவு வந்த அன்று உன் அம்மாதான் போனில் நம்பர் போட்டாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். கதவைத் தட்டி, “வெளிய வாங்க பி.காம்.” என்றாள். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முப்பது வருஷம் என் பேருக்குப் பின்னால் இருந்தது அன்றைக்குத்தான் முன்னால் வந்தது. உடனே உன் மாமனாருக்குப் போன் போட்டு, பி.காம். போட்டுடுங்க சார் என்று கர்ஜித்தேன். போட்டுதானே இருக்கேன் சம்பந்தி, எப்பவோ போட்டாச்சே என்றார் அந்த மனுஷன், ஒன்றும் புரியாமல். அது வேறு பி.காம்., இது வேறு. நீ கல்யாணத்துக்கு வரும்போது பார், நம் கல்லில் அந்த எழுத்துக்கு மட்டும் தங்கப் பெயின்ட் புதிதாக மின்னும். தங்கராஜ் அங்கிள் ஏன் அதை மட்டும் அடிக்கிறீங்க என்று கேட்டார். சும்மா என்றேன். அன்று சாயங்காலம் அவர் தன் எம்.ஏ.வை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தெரியாததைத் தெரியாது என்று ஷைனியிடம் சொல். நாளைக்கு உன் பிள்ளை நோட்டோடு வந்து நின்றால், உனக்குத் தெரியவில்லை என்றால், பக்கத்தில் உட்கார்ந்து நாம ரெண்டு பேரும் யாரையாவது கேப்போம் என்று சொல். கேட்டால் ஒன்றும் குறைந்துபோகாது. எனக்கு ஒரு கல்லும் ஒரு மனைவியும் ஒரு மகனும் திரும்பக் கிடைத்தார்கள். பிரியாவுக்கு நீ சொன்னதை உன் வீட்டில் எல்லோருக்கும் சொல். முதல் தடவை யாருக்குமே வராது.

மார்க் ஷீட் வாங்கப் போனபோது கவுன்டரில் இருந்த அம்மா ஒரு தகவல் சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன். அந்த நாற்காலிக் கேள்வியில் ஒரு மைனஸ் அச்சில் விட்டுப்போயிருந்ததாம். அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது என்று, கேள்வி எண்ணை எழுதியிருந்தவர்கள் எல்லோருக்கும் பத்து மதிப்பெண் முழுதாகப் போட்டுவிட்டார்களாம். முன் பெஞ்ச் போலீஸ்காரர் எண்ணை மட்டும் எழுதிவிட்டுத் தூங்கினார், அவருக்கும் பத்து. கணக்கில் என் மொத்தம் நாற்பத்தாறு. பாஸ் மார்க் நாற்பது.

அன்புடன்,
அப்பா, பி.காம்.